தோக்கியோவில் ஓய்வு, ஜகார்த்தாவில் வேலை

"சித்தி, முதல் பெட்டியில ஏறுங்க. அது பெண்கள் பெட்டி. கதவு திறந்ததும் யோசிக்காம உட்கார்ந்திடுங்க. அங்க இருக்கிற அம்மாக்கள் முன்னால நாமெல்லாம் நிற்க முடியாது" என்று அக்காள் மகன் இரவே எச்சரித்திருந்தான்.

அவன் வேலை செய்வது ஜகார்த்தாவில். வாடகைக்குப் பயந்து குடியிருப்பது போகோரில். மழைக்குப் பெயர் போன அந்த மலையடிவார ஊரிலிருந்து தலைநகருக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அவனைப் போல் விடியும் முன்பே எழுந்து ரயிலேறும் மக்கள் அந்தப் பாதை நெடுகிலும் இருக்கிறார்கள். ஒரு நாளாவது அவர்களோடு போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த சித்திக்கு இது என்ன விபரீத ஆசை என்று அவன் சிரித்தான்.

காலை ஐந்தரை மணி. போகோர் நிலையத்தில் ரயில் வந்து நின்றது. கதவு திறந்த அடுத்த நொடியில் என்னை யாரோ உள்ளே தள்ளினார்கள், யாரோ உட்கார வைத்தார்கள். எல்லாம் முடிந்து மூச்சு வாங்கி நிமிர்ந்தபோதுதான் கதவருகே ஒரு சிறிய தகட்டைப் பார்த்தேன். அதில் இருந்தவை ஜப்பானிய எழுத்துகள். கைப்பேசியைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். அவசர வேளையில் கதவைக் கையால் திறக்கும் கருவி அது.

என் பக்கத்தில் தலைக்குட்டை அணிந்த ஓர் அம்மா. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். நான் படம் பிடிப்பதைப் பார்த்து, "இபு இந்தியாவா?" என்று கேட்டார். மலேசியா என்றதும் முகம் மலர்ந்தது. நம் மலாயும் அவர்களுடைய இந்தோனேசிய மொழியும் பாதிக்கு மேல் ஒத்துப்போகும் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. "அது ஜப்பான் எழுத்து. இந்த ரயில் பெக்காஸ். தோக்கியோவில் ஓடிக் களைத்து இங்கே வந்தது" என்றார். 'பெக்காஸ்' என்றால் பழையது, பயன்படுத்தியது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர் என்று அறிமுகப்படுத்துவது போலத்தான் சொன்னார்.

மூன்று வாழ்க்கை கண்ட ரயில்

நாங்கள் உட்கார்ந்திருந்தது 205 வகை ரயில். எஃகு உடம்பு கொண்ட இந்த வகை, 1985இல் தோக்கியோவின் யமனோத்தே வட்டப்பாதையில் ஓடத் தொடங்கியது. தோக்கியோ நகரின் முக்கிய நிலையங்களைச் சுற்றி வரும் பாதை அது. அங்கே புதிய ரயில்கள் வந்ததும் பல பெட்டிகள் நகரின் புறப்பாதைகளுக்கு மாற்றப்பட்டன. அங்கும் புதியவை வந்தபோது ஜப்பானில் அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. பழைய இரும்புக்குப் போகவேண்டிய நேரத்தில் ஜகார்த்தா கைநீட்டி வாங்கிக்கொண்டது.

2013 முதல் 205 வகைப் பெட்டிகள் இங்கே வரத் தொடங்கின. தோக்கியோவின் முசாஷினோ பாதையிலிருந்து மட்டும் 2018க்கும் 2020க்கும் இடையே 336 பெட்டிகள் வந்தன. எல்லாப் பாதைகளையும் சேர்த்தால் இந்த ஒரு வகையில் மட்டும் எண்ணூறுக்கும் அதிகமான பெட்டிகள். நிகாட்டா துறைமுகத்தில் கப்பலேறி, தஞ்சோங் பிரியோக் துறைமுகத்தில் இறங்கி, இங்குள்ள பணிமனைகளில் புதுச் சாயம் பூசிக்கொண்டன. அங்கே எட்டுப் பெட்டிகளாக ஓடியவற்றைப் பிரித்துச் சேர்த்து இங்கே பத்து, பன்னிரண்டு பெட்டித் தொடர்களாக்கினார்கள். ஓட்டுநரின் முன்கண்ணாடிக்கு இரும்பு வலை போட்டார்கள். பாதையோரம் நின்று கல்லெறிபவர்களுக்காகத் தோக்கியோவில் தேவைப்படாத ஏற்பாடு அது.

சரி, ஒரு நாட்டு ரயிலைக் கொண்டுவந்து இன்னொரு நாட்டுத் தண்டவாளத்தில் வைத்தால் ஓடிவிடுமா? பெரும்பாலும் ஓடாது. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் தொடங்கிய நம் கொமுட்டர் ரயில் ஓடும் தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். ஜகார்த்தாவில் தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர், கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். தோக்கியோவின் பெரும்பாலான புறநகர்ப் பாதைகளிலும் அதே 1,067, அதே 1,500. அறுபத்தேழு மில்லிமீட்டர் என்பது நம் மூன்று விரல் அகலத்தைவிடச் சற்று அதிகம். அந்த வித்தியாசத்தால்தான் இந்த ரயில்கள் கிள்ளானுக்கு வர முடியாது, போகோருக்கு வர முடிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு ரயில் பாதை போட வந்த ஆங்கிலேயப் பொறியியலாளர்களும், ஜாவாவில் போட்ட டச்சுக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு இந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பத்தாவியா என்று அப்போது அழைக்கப்பட்ட ஜகார்த்தாவிலிருந்து போகோருக்கு 1873இல் போட்ட பாதை 1,067. ஜப்பானின் முதல் பாதை 1872இல் திறக்கப்பட்டது, அதுவும் 1,067. நூற்று முப்பது ஆண்டு கழித்து அந்தத் தற்செயல் பல லட்சம் மக்களுக்கு இருக்கை கொடுத்திருக்கிறது.

கூரைமேல் போன காலம்

சித்தாயாம் நிலையத்துக்கு வருவதற்குள் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. ஆனாலும் குளிரூட்டி வேலை செய்தது. கதவுகள் முழுவதுமாக மூடின. பெண்கள் சிலர் நின்றபடியே உறங்கினார்கள். விழுவதற்கும் இடம் வேண்டுமே!

பக்கத்து அம்மா முப்பது ஆண்டுகளாக இந்தப் பாதையில் வேலைக்குப் போகிறவர். ஜுவாண்டா நிலையத்துக்கு அருகில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். "இது கூட்டமா? நீங்கள் அந்தக் காலத்தைப் பார்க்கவில்லை" என்றார்.

அந்தக் காலத்தில் கதவு மூடாத, குளிரூட்டி இல்லாத சிக்கன ரயில்கள் ஓடின. வாழைப்பழம் முதல் வறுத்த தவ்வு வரை பெட்டிக்குள்ளேயே கடை. கோழியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறுவார்களாம். சீட்டு வாங்காதவர்கள், உள்ளே இடம் கிடைக்காதவர்கள், வேடிக்கைக்காகப் போகும் இளைஞர்கள் என்று ஒரு கூட்டமே கூரைமேல் உட்கார்ந்து போகும். தலைக்கு மேலே 1,500 வோல்ட் கம்பி. சாயம் தெளித்துப் பார்த்தார்கள், முள்கம்பி வைத்துப் பார்த்தார்கள். 2012இல் பாதைக்கு மேலே கான்கிரீட் உருண்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டது உலகச் செய்தியானது நம்மில் பலருக்கு நினைவிருக்கலாம்.

"என் தம்பியும் கூரையில்தான் போவான். அம்மா திட்டினால் மேலே காற்று வருகிறது என்பான். ஒரு நாள் அவனோடு ஏறிய பையன் இறங்கவில்லை. அதற்குப் பிறகு தம்பி பேருந்தில் போனான்" என்று சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் சன்னலைப் பார்த்தார்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2000ஆம் ஆண்டில் தோக்கியோ மாநகர நிர்வாகம் தன் சுரங்கப் பாதையில் ஓடிய 72 பெட்டிகளை ஜகார்த்தாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ஹிபா' ரயில். சொத்தை ஹிபா செய்வது என்று நாமும் சொல்கிறோம் அல்லவா, அதே சொல்தான். இந்நகரத்துப் பயணிகள் ரயிலில் குளிரூட்டியின் காற்றை முதன்முதலாக அனுபவித்தது அந்தப் பழைய பெட்டிகளில்தான். பிறகு விலைகொடுத்தே வாங்கினார்கள். தோக்கியோவின் ஒவ்வொரு பாதையிலும் ஓய்வுபெற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

2013இல் காகிதச் சீட்டு போய் மின்னட்டை வந்தது. அதே ஆண்டில் கடைசி சிக்கன ரயிலும் நிறுத்தப்பட்டது. நடைமேடைகளில் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. அதில் பிழைப்பை இழந்தவர்களும் உண்டு, போராட்டங்கள் நடந்தன. ஆனால் கதவு மூடிய ரயிலின் கூரையில் ஏறுவோர் காணாமல் போனார்கள். 2019 வாக்கில் வேலை நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 லட்சம் பேர் இந்த ரயில்களில் போனார்கள்.

"புதுசா பழசா என்று நாங்கள் கேட்டதில்லை. கதவு மூடுகிறதா, குளிர் வருகிறதா, நேரத்துக்கு வருகிறதா. மூன்று கேள்விதான்" என்றார் அந்த அம்மா.

எனக்கு வேறொரு நினைவும் வந்தது. ஜப்பான், ரயில் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சயாம் மரண ரயில்தான் நினைவுக்கு வரும். தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத தமிழர்களோடு, ஜாவாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட இவர்களுடைய பாட்டன்மாரும் அந்தக் காட்டில் மடிந்தார்கள். அந்த இரு இனத்துப் பேத்திகளும் ஜப்பான் ரயிலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கச்சான் உருண்டையைப் பங்கிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில் இருந்தோம். இதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். "எங்கள் தாத்தாவின் அண்ணனும் போனார்" என்றார்.

மங்காராயில் இறங்காதவர்கள்

மங்காராய் நிலையத்தில் பாதிப் பெட்டி காலியாகி, உடனே மறுபாதி நிரம்பியது. போகோர் பாதையும் சிக்காராங் பாதையும் சந்திக்கும் இடம் அது. அக்காள் மகன் அங்கே இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். சன்னல் வழியே கையசைத்துவிட்டு ஓடினான்.

அந்த நிலையத்தை ஒட்டியே பெரிய ரயில் பணிமனை இருக்கிறது. டெப்போக்கில் மின்ரயில்களுக்கென்றே இன்னொன்று. இந்தப் பழைய ரயில்களின் உயிர் அந்த இடங்களில்தான் இருக்கிறது. நாற்பது வயது ரயிலுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஆலை ஜப்பானிலேயே அதை நிறுத்தியிருக்கும். அதனால் ஓட முடியாத ரயிலிலிருந்து கழற்றி ஓடுகிற ரயிலில் மாட்டுவார்கள். சிலவற்றை உள்ளூரிலேயே செய்துகொள்வார்கள். கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம் பெட்டிகளோடு நிற்காமல் தன் ஆட்களையும் அனுப்பி, பழுதாகும் முன்பே பார்த்துப் பராமரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தது. இரும்பை வாங்குவது எளிது. அந்தப் பழக்கத்தை வாங்குவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

பணிமனையைப் பற்றிப் பேசும்போது ஒரு கிழவரைச் சொல்லாமல் விட முடியாது. ஜகார்த்தாவில் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1925 ஏப்ரல் 6. தஞ்சோங் பிரியோக்கிலிருந்து இன்று ஜத்தினேகாரா எனப்படும் மேஸ்டர் கொர்னேலிஸ் வரை. அப்போது பெட்டிகளை இழுத்தவற்றில் நெதர்லாந்தின் வெர்க்ஸ்பூர் ஆலையில் செய்த மின் இஞ்சின்களும் உண்டு. 1930இல் கம்பி போகோர் வரை நீண்டது. அந்த இஞ்சின்கள் டச்சுக்காரர், ஜப்பானியர், குடியரசு என்று மூன்று ஆட்சிகளுக்கும் உழைத்து, ஜப்பானிலிருந்து புத்தம்புதிய மின்ரயில்கள் வந்த 1976 வரை ஓடின. அவற்றில் எஞ்சிய ஒன்றை மங்காராய் பணிமனையில் பழுதுபார்த்து மீண்டும் ஓடவைத்தார்கள். 3201 என்ற எண் கொண்ட அதற்கு ஊழியர்கள் வைத்த செல்லப்பெயர் 'போன்போன்'. பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டும் வித்தை இந்த ஊருக்கு இப்போது வந்ததல்ல.

மங்காராயைத் தாண்டியதும் பாதை மேம்பாலத்தில் ஏறுகிறது. வலமும் இடமும் ஓட்டுக் கூரைகள், பிறகு தேசிய நினைவுத் தூண், இஸ்திக்லால் பள்ளிவாசலின் வெள்ளைக் குவிமாடம். ஜுவாண்டாவில் அந்த அம்மா இறங்கினார். மீதமிருந்த உருண்டைகளை என் கையில் திணித்து, "பத்திரமாகப் போங்கள், இபு" என்றார். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஜகார்த்தா கோத்தா நிலையத்தில் இறங்கி அட்டையைத் தட்டினேன். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு 6,000 ருப்பியா. நம் காசுக்கு இரண்டு ரிங்கிட் கூட இல்லை. 1929இல் திறக்கப்பட்ட அந்த நிலையக் கட்டடத்தின் உயரமான வளைவுக் கூரையின் கீழ் சற்று நேரம் நின்றுவிட்டு, தஞ்சோங் பிரியோக் ரயிலில் ஏறினேன். சில நிமிடப் பயணம்தான். போகோர் பாதைக் கூட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பெரிய நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் நூறாண்டுக்கு முன் முதல் மின்ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். தோக்கியோவின் பெட்டிகள் கப்பலிலிருந்து இறங்கியதும் அருகிலுள்ள துறைமுகத்தில்தான்.

இனி வேண்டாம் என்ற முடிவு

இரவுச் சாப்பாட்டின்போது அக்காள் மகனிடம் கேட்டேன். இன்னும் எத்தனை காலம் இந்த ரயில்கள்?

அங்கேதான் விவாதமே இருக்கிறது. 2023இல் பல தொடர்கள் ஓய்வுபெறும் நிலைக்கு வந்தன. ரயிலை நடத்தும் நிறுவனம், ஈடாக ஜப்பானிலிருந்து மீண்டும் பழைய ரயில்களை இறக்குமதி செய்ய அனுமதி கேட்டது. புதியது செய்ய ஆண்டுகள் பிடிக்கும், பழையது உடனே வரும் என்பது அதன் வாதம். தொழில்துறை அமைச்சு ஒப்பவில்லை. மடியூன் நகரில் 'இன்கா' என்ற சொந்த ரயில் தொழிற்சாலை இருக்கும்போது, பிறர் கழித்ததை எத்தனை காலம் வாங்குவது என்று கேட்டார்கள். தணிக்கை அமைப்பும் ஆராய்ந்து, வேண்டாம் என்றது. முடிவில் இன்காவிடம் புதியவை, பழையவற்றில் சிலவற்றுக்கு மறுசீரமைப்பு, இடைவெளியை நிரப்பச் சீனாவிலிருந்து சில புதிய ரயில்கள் என்று தீர்மானித்தார்கள். சீன ரயில்கள் 2025 தொடக்கத்தில் வந்திறங்கின.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு சித்தி. சொந்தமா செய்யணும்கிறதும் சரிதான். ஆனா பழசு போய்ப் புதுசு வர்ற வரைக்கும் மங்காராயில நசுங்குறது நாங்கதானே?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பழையதை வாங்குவது ஏழைமையின் அடையாளம் என்று காலையில் போகோரில் நினைத்திருந்தேன். மாலையில் அப்படி நினைக்க முடியவில்லை. எரிந்துபோகும் பையன்களைக் காப்பாற்றியது அந்தப் பழைய ரயில்தான். ஆனால் எப்போதும் யாராவது கழித்துக் கொடுப்பார்கள் என்று ஒரு நகரம் காத்திருக்கவும் முடியாது. அந்த அம்மாவின் மூன்று கேள்விகளுக்கும் புதிய ரயிலும் பதில் சொல்லியாக வேண்டும்.

புர்வாகர்த்தாவில் கடைசி நிறுத்தம்

இரண்டு நாள் கழித்துப் பண்டுங் போனேன். 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட 'வூஷ்' அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் வேண்டுமென்றே பழைய பாதையில், சாதாரண ரயிலில் போனேன். மலை ஏறும் முன் புர்வாகர்த்தா நிலையம் வருகிறது. சன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அங்கே இருந்தன. ஓய்வுபெற்ற மின்ரயில் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, தீப்பெட்டிகளைப் போல அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடி இல்லாத சன்னல்கள். வெளுத்துப்போன சாயம். கீழ்வரிசைப் பெட்டியின் கதவுக்குள்ளிருந்து கொடி படர்ந்து மேல்வரிசையின் கூரைவரை ஏறியிருந்தது. இங்கிருந்து வாங்கிக்கொள்ள வேறு நாடு எதுவும் இல்லை.

எதிர் இருக்கையில் ஒரு சிறுவன் அவற்றைக் காட்டித் தன் தாயிடம் ஏதோ கேட்டான். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா வேலைக்குப் போன ரயில்" என்றார். பையன் நம்பாமல் சிரித்தான். எங்கள் ரயில் மலையை நோக்கி வளைந்து திரும்பும் வரை அந்தத் தாயும் நானும் சன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.